பழைய நூல்களிலிருந்து ஐரோப்பிய வாள்வீச்சு கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால ஐரோப்பாவின் நீள்வாளை, அந்தக் காலத்துக் கையெழுத்து நூல்களை வைத்தே பழகுகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

இது சினிமா ஸ்டண்ட் மாதிரியா? இல்லை கவசம் போட்டு ஆடுகிற நாடகமா?

இரண்டும் இல்லை. சினிமாச் சண்டையில் வாள் எதிராளியின் வாளை நோக்கித்தான் போகும். பார்ப்பவருக்கு அசைவு தெரிய வேண்டும், நடிகருக்கு அடிபடக் கூடாது. நாங்கள் பழகுவதில் வாள் ஆளை நோக்கிப் போகும். 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மானிய, இத்தாலிய ஆசான்கள் விட்டுப்போன நூல்களைப் படிக்கிறோம். அதில் சொன்னபடி மெதுவாகச் செய்து பார்க்கிறோம். பிறகு காப்பு அணிந்து முழு வேகத்தில் மோதிப் பார்க்கிறோம். சரிவரவில்லை என்றால் மறுபடி நூலைத் திறக்கிறோம். உலகம் முழுக்க இதை ஹீமா (HEMA, Historical European Martial Arts, அதாவது வரலாற்று ஐரோப்பியப் போர்க்கலைகள்) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

சண்டையை யாராவது புத்தகமாக எழுதி வைப்பார்களா? அதுவும் அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால்?

வைத்தார்கள், நிறையவே. இன்று நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐ.33 என்ற அட்டவணை எண்ணே அதற்குப் பெயராகிவிட்டது. 1300களின் தொடக்கத்தில் ஜெர்மன் நாட்டில் உருவானது. உச்சந்தலை மழித்த ஒரு பாதிரியாரும் அவருடைய மாணவனும் ஒரு கையில் வாள், மறு கையில் சிறிய வட்டக் கேடயம் பிடித்துப் பழகுவதைப் பக்கம் பக்கமாக வரைந்து, லத்தீனில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கோத்தா நகர நூலகத்தில் இருந்த இந்த நூல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காணாமல் போய், 1950இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது.

ஏன் எழுதினார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இத்தாலிய ஆசான் ஃபியோரே தெய் லிபெரி 1400களின் முதல் பத்தாண்டில் தன் நூலை ஃபெராராவின் பிரபு மூன்றாம் நிக்கோலோ தெஸ்தேவுக்குக் காணிக்கையாக்கினார். ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1512இல் ஒரு சண்டை நூலுக்குப் படம் வரைந்தார். ஆக்ஸ்பர்க் நகரின் கணக்குப் பொறுப்பில் இருந்த பவுலுஸ் ஹெக்டர் மைர் என்பவர் பழைய சண்டை நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், ஆட்களை வைத்துப் பிரம்மாண்டமான தொகுப்புகளை உருவாக்கினார். நகரத்துப் பணத்தைக் கையாடினார் என்று 1579இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் தொகுத்தவை இன்றும் நமக்குப் பயன்படுகின்றன.

அந்த வாள் பத்துக் கிலோ இருக்குமாமே? நம்மால் தூக்க முடியுமா?

முடியும். ஒரு கை வாள் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டு கையால் பிடிக்கிற நீள்வாள் பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோ. எடை கைப்பிடிப் பக்கமாகச் சேர்ந்திருப்பதால் கையில் எடுக்கும்போது அதைவிடக் குறைவாகவே தோன்றும். ஊர்வலத்தில் தூக்கிப்போகச் செய்த பெரிய அலங்கார வாள்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன; பத்துக் கிலோக் கதைக்கு அவையும் ஒரு காரணம்.

பெண்கள் பழகலாமா?

தாராளமாக. இருப்பதிலேயே பழைய நூலான ஐ.33இன் கடைசிப் பக்கங்களில் பாதிரியாருக்கு எதிரே வாளும் கேடயமுமாக நிற்பவர் ஒரு பெண். பெயர் வால்புர்கிஸ் என்று எழுதியே இருக்கிறது. படத்தில் அவருக்கு எந்தச் சலுகையும் இல்லை, மாணவனைப் போலவே பழகுகிறார்.

நூல்கள் இத்தனை இருக்கின்றனவே, எதில் தொடங்குவது?

நீள்வாளுக்கு முக்கியமாக மூன்று வாசல்கள். முதலாவது, 14ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஆசான் யோஹன்னெஸ் லீஹ்டெனாவரின் மரபு. அவர் கைப்பட எழுதிய நூல் எதுவும் இல்லை. வெளியாளுக்குப் புரியக் கூடாது என்று பூடகமாகக் கட்டிய அவருடைய ஈரடிப் பாடல்களை மாணவர் வழி வந்தவர்கள் மனப்பாடமாகக் காப்பாற்றினார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஸிக்முண்ட் ரிங்கெக் போன்றவர்கள் அவற்றுக்கு உரை எழுதினார்கள். நூற்பாவும் உரையுமாகப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும்: பாடல் நினைவில் நிற்க, உரை செய்து காட்ட.

இரண்டாவது ஃபியோரே. படம் பார்த்துக் கற்கிறவர்களுக்கு இவரைத்தான் சொல்வேன். மல்யுத்தம், கத்தி, வாள், ஈட்டி, குதிரைமேல் சண்டை என்று எல்லாம் ஒரே கட்டமைப்பில் வருகின்றன. அவருடைய நூலின் நான்கு பிரதிகள் இன்று கிடைக்கின்றன. தொடங்குகிறவருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள பிரதிதான் வசதி, படமும் விளக்கமும் தாராளமாக இருக்கும். மூன்றாவது, ஸ்ட்ராஸ்பர்கில் 1570இல் அச்சான யோவாகிம் மேயரின் நூல். கத்தி செய்யும் தொழிலாளியான மேயர், படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார். குழுவாக வகுப்பு நடத்த இதைவிடத் தோதான நூல் இல்லை. ஆனால் அவர் காலத்தில் நீள்வாள் ஊர்ப் போட்டிகளுக்கான விளையாட்டாகிவிட்டது, குத்துவதையே பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

மூன்றில் எதுவானாலும் சரி, ஒரு வருஷமாவது அதிலேயே இருங்கள். இங்கே ஒரு அடி, அங்கே ஒரு அடி என்று பொறுக்கினால் எந்த ஆசானும் எதற்காக அப்படிச் சொன்னார் என்பது புரியவே புரியாது.

எனக்கு ஜெர்மனும் தெரியாது, லத்தீனும் தெரியாது. ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். மேலே சொன்ன மூன்று வாசல்களின் நூல்களுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. விக்டெனாவர் என்ற இணைய நூலகம் மூல வரியையும் மொழிபெயர்ப்பையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இலவசமாகத் தருகிறது. பல அருங்காட்சியகங்கள் நூலின் பக்கங்களையே நல்ல தரத்தில் படமெடுத்து வெளியிட்டிருக்கின்றன.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் முதலிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முக்கியமான பாடம் எதையும் ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் பழகாதீர்கள். இரண்டைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், எங்கே இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள், எங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வேறுபடுகிற இடத்தில் மட்டும் மூலத்தைப் பார்த்தால் போதும். கொஞ்ச நாளில் ஐம்பது அறுபது ஜெர்மன் சொற்கள் தானாகவே பழகிவிடும்.

சரி, நூலைத் திறந்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது?

லீஹ்டெனாவர் மரபின் முதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்: சோர்ன்ஹாவ், சின வெட்டு என்று சொல்லலாம். உன்மேல் யார் மேலிருந்து வெட்டினாலும் சின வெட்டின் முனை அவனை மிரட்டும் என்பது பாடலின் கருத்து. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உரை விரிக்கிறது: அவன் தன் வலப்பக்கத்திலிருந்து உன் தலையை நோக்கி வெட்டுகிறான், நீயும் உன் வலத் தோளிலிருந்து பலமாக, அவன் வெட்டின்மேலேயே வெட்டு, வாள்கள் மோதி நிற்கும்போது அவன் பிடி மென்மையாக இருந்தால் முனையை நேரே அவன் முகத்துக்குச் செலுத்து. அவன் அதைக் கவனித்து உன் வாளைப் பலமாக ஒதுக்கினால், அவன் வாளின் மேல்வழியாக உன் வாளை விடுவித்து மறுபக்கம் தலையில் வெட்டு.

இப்போது துணையோடு எழுந்து நில்லுங்கள். உரையில் இருப்பதை மட்டும், ஒவ்வொரு சொல்லாக, நடை வேகத்தில் செய்யுங்கள். உடனே நூலில் பதில் இல்லாத கேள்விகள் முளைக்கும். எவ்வளவு தூரத்தில் நிற்பது? கால் நேராகப் போகிறதா, சாய்வாகவா? வாள்கள் எந்த இடத்தில் மோத வேண்டும்? சிலவற்றுக்குப் பதில் அதே நூலில் வேறு இடத்தில் கிடைக்கும். உதாரணமாக, வலப்பக்கத்திலிருந்து வெட்டினால் வலக்காலும் கூடவே வர வேண்டும், வராவிட்டால் வெட்டு பொய்த்துவிடும் என்று உரையின் தொடக்கத்திலேயே பொதுவிதி இருக்கிறது. கிடைக்காதவற்றை நாமேதான் ஊகிக்க வேண்டும். ஊகித்ததை ஊகம் என்றே குறித்து வையுங்கள்.

கடைசியாக, துணை உண்மையாகவே உங்கள் தலையை நோக்கி வெட்டட்டும். ஒத்திகையில் பலரும் காற்றில் வெட்டுவார்கள், தலைக்கு ஒரு சாண் வெளியே. அந்த வெட்டுக்கு எதிராக எந்தப் பாடமும் நடக்காது. முனை முகத்துக்குப் போகாமல் தோளுக்கு வெளியே வழுக்கிப் போகும். நேராகத் தலைக்கு வரும் வெட்டு என்றால் வாள்கள் நடுக்கோட்டில் மோதும், முனை தானே முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். பாடல் ஏன் முனை மிரட்டும் என்கிறது என்பது அந்த நொடியில் கைக்குத் தெரியும். மென்மையா கடினமா என்று உரை கேட்பதும் அப்போதுதான் விளங்கும்: எதிராளியின் அழுத்தம் அலகு வழியாக உள்ளங்கைக்கு வருகிறது. அதை உணர்வதற்கு இந்த மரபில் ஃப்யூலன் என்று பெயர், கலையில் பாதி அதுதான்.

படத்தில் காலும் இடுப்பும் கோணல்மாணலாக இருக்கிறதே, அப்படியேதான் நிற்க வேண்டுமா?

ஓவியரைப் பொறுத்தது. ஐ.33 வரைந்த காலத்தில் ஆழத்தைக் காட்டி வரையும் முறை வரவில்லை. நீள அங்கி முழங்காலை மறைக்கிறது. அதைப் பார்த்துக் கால் அகலத்தை அளப்பது வீண். கை, வாள், கேடயம் மூன்றும் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பதில் மட்டும் அதை நம்பலாம். ஜெர்மானிய ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467இல் முடிந்த நூலில் உடல் சாய்வு அழகாகத் தெரியும், ஆனால் விளக்கம் ஓரிரு வரிதான். மேயரின் அச்சுப் படங்களில் தரையில் கட்டம் போட்டுக் கால் எங்கே விழுகிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

படத்தைப் படிக்கவும் கற்க வேண்டும். ஃபியோரேயின் கெட்டி பிரதியில் ஒரு உருவத்தின் தலையில் பொற்கிரீடம் இருக்கும், இன்னொன்றின் முழங்காலுக்குக் கீழே பொற்பட்டை இருக்கும். இவை அலங்காரம் இல்லை. கிரீடம் போட்டவர் ஒரு நிலையையோ, தாக்குதலுக்கான மாற்றையோ காட்டும் ஆசான். காலில் பட்டை கட்டியவர் அந்த மாற்றைத் தொடர்ந்து செய்து முடிக்கும் மாணவர். இரண்டும் அணிந்தவர் அவர்கள் இருவரையும் முறியடிக்கிறவர். இது தெரிந்தால், யார் ஜெயிக்கிறார், எந்தப் படம் எதற்குப் பதில் என்பதை ஒரு சொல் படிக்காமலே சொல்லிவிடலாம்.

ஊரில் சொல்லித்தர யாரும் இல்லை. தனியாகப் பழகலாமா?

பாதி தூரம் போகலாம். லீஹ்டெனாவர் மரபில் நான்கு அடிப்படை நிலைகள் இருக்கின்றன: எருது, ஏர், மூடன், ஃபோம் டாக். முதல் இரண்டில் முனை எதிராளியின் முகத்தைப் பார்க்கும், எருதில் வாள் தலைக்குப் பக்கத்தில், ஏரில் இடுப்புக்குப் பக்கத்தில். மூடனில் முனை தரையைப் பார்க்கும். ஃபோம் டாக்கில் வாள் தோளிலோ தலைக்கு மேலோ ஓங்கி நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டிப் போவது, வெட்டோடு காலை எடுத்து வைப்பது, குறி தவறாமல் தொங்கும் பந்தைக் குத்துவது, இவையெல்லாம் தனியாளுக்கான பயிற்சி. நேரே வெட்டினோமா என்பதை அலகு காற்றைக் கிழிக்கும் சத்தமே சொல்லிவிடும்.

முந்தைய பதிலுக்கு முந்தையதில் சொன்ன அழுத்தத்தை உணர்வது மட்டும் தனியாக வராது. நியூரம்பெர்க் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் 3227a என்ற எண்ணில் ஒரு பழைய நூல் இருக்கிறது. சண்டையைக் கையால் காட்டிச் சொல்லித்தருவது போல எழுத்தில் தெளிவாக விளக்க முடியாது என்று அதை எழுதியவரே சொல்கிறார். நூல் இல்லாமல் யாரும் நல்ல ஆசானோ நல்ல மாணவனோ ஆக முடியாது என்று ஃபியோரே எழுதுகிறார். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாளாவது வரக்கூடிய ஒரு துணையைத் தேடிப்பிடியுங்கள். அவருக்கும் ஒன்றும் தெரியாவிட்டால் பரவாயில்லை.

என்னென்ன வாங்க வேண்டும்? எடுத்ததுமே இரும்பு வாளா?

முதல் சில மாதங்களுக்கு மர வாளும், வாள்சண்டை விளையாட்டில் பயன்படுத்தும் கம்பிவலை முகமூடியும் போதும். மெதுவாகப் பழகும்போதும் முகமூடி வேண்டும். முனை கண்ணுக்குப் போக வேகம் தேவையில்லை. அந்த முகமூடி பின்மண்டையை மூடாது. நீள்வாளில் வெட்டுகள் சுற்றி வந்து அங்கேயும் விழும், அதனால் பின்மண்டைக் காப்பைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

இரும்புக்கு மாறும்போது கூரான வாளை வாங்காதீர்கள். ஃபெடர் என்று ஒரு பயிற்சி வாள் இருக்கிறது. விளிம்பு மழுங்கல், முனை மடித்தோ உருட்டியோ இருக்கும், குத்தினால் அலகு வளைந்து கொடுக்கும், கைப்பிடிக்கு மேலே அலகு அகன்றிருக்கும். மேயரின் படங்களில் மாணவர்கள் கையில் இருப்பதும் இந்த வகைதான். அதோடு தடித்த சட்டை, கழுத்துக் காப்பு, முழங்கை முழங்கால் காப்பு. பணம் குறைவாக இருந்தால் முதலில் கையுறைக்குச் செலவழியுங்கள். இரண்டு கையும் முன்னால் நிற்கிற ஆயுதம் இது, விரல்தான் அதிகம் அடிபடும். தோல் கையுறையும் கிரிக்கெட் கையுறையும் இரும்பு வாளுக்குத் தாங்காது. இந்தியாவில் வாள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகிற பொருள் என்பதால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் உங்கள் ஊர் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் சின்ன வயதிலிருந்து சிலம்பம் ஆடுகிறேன். இதற்கு உதவுமா?

காலடி, தூரக் கணக்கு, அடி வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது, மூன்றும் அப்படியே உதவும். இவற்றுக்காகவே மற்றவர்கள் பல மாதம் செலவிடுகிறார்கள். தொந்தரவு தருவது ஒன்று: கம்புக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான், வாளுக்கு விளிம்பு உண்டு. சுழற்றும்போது அலகு திரும்பிவிட்டால் தட்டைப் பக்கம்தான் ஆள்மேல் படும். வீச்சைக் குறைத்து விளிம்பைக் கவனிக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை, இருப்பதாகக் காட்டவும் வேண்டாம். பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்களுக்குச் சிலம்பம் ஓர் ஆசானின் கையிலிருந்து வந்தது, அவருக்கு அவர் ஆசானிடமிருந்து. நீள்வாளில் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரெட் ஹட்டன் போன்ற சில ஆங்கிலேயர்கள் பழைய நூல்களைத் தேடி எடுத்து ஆடிக்காட்டினார்கள், அந்த முயற்சியும் நின்றுபோனது. இப்போது இருப்பது 1990களில் மறுபடி தொடங்கியது. என் ஆசான் இப்படித்தான் காட்டினார் என்ற வாதத்துக்கு இங்கே இடம் இல்லை. நூலில் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அலகை வெறுங்கையால் பிடித்திருக்கிற படம் பார்த்தேன். விரல் துண்டாகிவிடாதா?

படம் சரிதான். முழுக் கவசம் அணிந்தவரை வெட்டிப் பயனில்லை, இரும்புத் தகட்டில் வாள் வழுக்கும். அதனால் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் அலகின் நடுவையும் பிடித்து, ஈட்டி போலக் குறுக்கி, அக்குள், முகத்திறப்பு போன்ற இடைவெளிகளில் குத்துவார்கள். வாளைத் தலைகீழாகத் திருப்பி, அலகை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்குக் கட்டையால் சுத்தியல் மாதிரி அடிப்பதையும் டால்ஹோஃபர் வரைந்திருக்கிறார்.

விளிம்பு அறுப்பது பெரும்பாலும் தோலின்மேல் இழுபடும்போது. இறுக்கிப் பிடித்து நழுவ விடாமல் இருந்தால் தாங்கும். கவசச் சண்டையில் கையுறையும் இருக்கும். ஆனாலும் கூரான வாளில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், மழுங்கல் வாளில் முறையைக் கற்றால் போதும்.

எதிராளியின் வெட்டைக் கூர் விளிம்பால் தடுப்பதா, தட்டைப் பக்கத்தாலா? விளிம்பு கெட்டுப்போகாதா?

இந்த ஒரு கேள்விக்காகப் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். நூலைப் படித்தால், கேள்வியே கொஞ்சம் இடம் மாறி நிற்பது தெரியும். லீஹ்டெனாவரின் பாடல், வெறுமனே தடுப்பதை விட்டு விலகு, தடுத்தால் நீதான் வருந்துவாய் என்கிறது. நின்ற இடத்தில் வாளைக் குறுக்கே பிடித்து அடி வாங்குவது அவர்கள் பாடத்திலேயே இல்லை. சின வெட்டில் பார்த்தது போல, வெட்டுக்கு எதிராக வெட்டுகிறோம். அப்போது இரண்டு விளிம்புகளும் சாய்வாக உரசிக்கொள்ளும், அதில் கொஞ்சம் பழுதாவது இயல்பு. பழைய வாள்கள் பலவற்றில் அந்த வடுக்கள் இருக்கின்றன. அதே மரபில் க்ரும்ப்ஹாவ் என்ற வளைந்த வெட்டால் எதிராளி அலகின் தட்டைப் பக்கத்தில் அடிக்கச் சொல்லும் இடமும் உண்டு. அதனால் எப்போதும் விளிம்பு, எப்போதும் தட்டை என்று அடித்துச் சொல்கிறவரிடம் எந்தப் பாடத்தில் என்று கேளுங்கள்.

இதெல்லாம் போர்க்களத்துக்கு எழுதியதா?

பெரும்பாலும் இல்லை. வரிசை கட்டி நிற்கும் படைக்கு ஈட்டியும் கோடரியும் வில்லும்தான். நூல்கள் பேசுவது இருவர் எதிரெதிரே நிற்கும் சண்டையை: விளையாட்டு, மானப் பிரச்சினை, திடீர்த் தாக்குதல், நீதிமன்றம் அனுமதித்த ஒற்றைக்கு ஒற்றை. டால்ஹோஃபரின் தொழிலே கடைசி வகைக்கு ஆட்களைத் தயார் செய்வதுதான். கணவன் இடுப்பளவுக் குழியில் தடியோடு நிற்க, மனைவி துணியில் கல்லைக் கட்டிச் சுழற்றி அவனோடு மோதுகிற வழக்குச் சண்டையைப் படம் படமாக வரைந்து வைத்திருக்கிறார்.

எந்தச் சூழலுக்கு எழுதியது என்று தெரியாமல் படித்தால் பாடம் தப்பாகப் புரியும். மேயர் குத்துவதை விட்டதைப் பார்த்து நீள்வாளில் குத்தே கிடையாது என்று முடிவு கட்டுவது அப்படிப்பட்டதுதான்.

போட்டியில் ஜெயிக்கிறவர் சொல்கிற விளக்கம்தானே சரியாக இருக்க முடியும்?

போட்டி வேண்டும். ஸ்வீடனின் கோத்தன்பர்கில் 2006இலிருந்து நடக்கும் ஸ்வார்ட்ஃபிஷ் போன்ற போட்டிகள் வந்த பிறகுதான், ஏட்டில் அழகாக இருந்த பல விளக்கங்கள் வேகத்துக்குத் தாங்காது என்று தெரிந்தது. முழு வேகத்தில் ஒருமுறைகூட வேலை செய்யாத விளக்கத்தைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் வேலை செய்கிறது என்பதால் மட்டும் நூல் அதைத்தான் சொன்னது என்று ஆகிவிடாது. முகமூடியும் புள்ளிக் கணக்கும் ஆளை மாற்றிவிடுகின்றன. ஃபியோரே தன்னோடு மோத வந்த ஆசான்களைப் பற்றி எழுதுகிறார்: கவசம் இல்லாமல், பஞ்சுச் சட்டையும் தோல் கையுறையும் மட்டும் அணிந்து, கூர்வாளோடு ஐந்து முறை நின்றிருக்கிறார். கவசச் சண்டையில் அடி வாங்கியும் ஜெயிக்கலாம், கூர்வாளில் ஒரே ஒரு தடுப்பு தவறினால் உயிர் போய்விடும் என்கிறார். போட்டியில் இருவரும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டு ஒருவருக்குப் புள்ளி கிடைக்கும் காட்சியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் அடிபட்ட சுற்றுக்கு இருவருக்குமே புள்ளி இல்லை என்ற விதியைத்தான் நான் விரும்புகிறேன்.

ஒரே வெட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகக் காட்டுகிறார்கள். யாரை நம்புவது?

மேலே சொன்ன க்ரும்ப்ஹாவ்தான் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. விரைவாக வளைந்து வெட்டு, முனையை அவன் கைகள்மேல் எறி என்கிறது பாடல். கைகள் குறுக்காகும் என்கிறது உரை. முன் விளிம்பாலா பின் விளிம்பாலா, கைகள் எந்த அளவு குறுக்காகும், கால் எவ்வளவு பக்கவாட்டில் போகும் என்பதில் நல்ல பயிற்சியாளர்களே ஒத்துப்போவதில்லை. பழைய உரைகளும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

யாரை நம்புவது என்று பார்க்காமல் மூன்றைப் பாருங்கள். அவர் காட்டுவது நூலின் ஒவ்வொரு சொல்லையும் கணக்கில் எடுக்கிறதா, இல்லை தொந்தரவான சொல்லைத் தாண்டிப் போகிறதா? அதற்கடுத்து நூல் சொல்லும் பாடம் அந்த இடத்திலிருந்து இயல்பாக வருகிறதா? துணை ஒத்துழைக்காதபோதும் நடக்கிறதா? இந்த மூன்றிலும் இருவரும் தேறினால் இரண்டையும் பழகுங்கள். எது நூல், எது தன் முடிவு என்று பிரித்துச் சொல்கிறவரிடம் கற்பது பாதுகாப்பு. நூலே இப்படித்தான் சொல்கிறது என்று அடித்துப் பேசுகிறவரிடம் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

நூலில் இல்லாததை நாமாகச் சேர்க்கலாமா?

சேர்க்காமல் ஒரு வகுப்புகூட நடத்த முடியாது. உடலைச் சூடாக்குவது எப்படி, முதல் நாள் வந்தவருக்கு எந்த வரிசையில் சொல்லித்தருவது, ஒரு பாடத்தை எத்தனை தடவை செய்வது, இதெல்லாம் பழைய நூல்களில் அரிது. படிக்கிறவருக்கு ஏற்கெனவே உடல் பழகியிருக்கும் என்று ஆசான்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நூலின் ஓட்டையை அதே மரபின் இன்னொரு நூலால் அடைப்பது முதல் வழி. ரிங்கெக்கில் இல்லாத காலடியை மேயரில் தேடலாம், இருவரும் லீஹ்டெனாவர் வழி வந்தவர்கள். ஆனால் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஃபியோரேயின் பாடத்துக்கு மேயரின் காலடியைப் போடுவதாக இருந்தால் அதற்கு இன்னும் வலுவான காரணம் வேண்டும்.

எங்கள் குழுவின் பாடக் குறிப்பேட்டில் நூலின் வரி பேனாவிலும், நாங்கள் சேர்த்தது பென்சிலிலும் இருக்கும். புதிதாக வருகிறவர் முதல் வாரமே அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பென்சிலில் இருக்கிற எதையும் அழித்து வேறு எழுத அவருக்கும் உரிமை உண்டு, எழுந்து நின்று செய்து காட்டினால் போதும்.